வில்லியம் ஹேர்ஷல்: மட்டைக் குழாயில் தொடங்கிய தொலைகாட்டி

கற்பிட்டிக் கடற்கரையில் நிலவில்லாத இரவொன்றில் நின்று பார்த்த மாணவர்களுக்கு வானத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. விளக்கொளி படாத இடமாகப் பார்த்து நின்றால் நட்சத்திரங்கள் நீர்மட்டம் வரை இறங்கி நிற்பது தெரியும். அந்த வானத்திலே கூர்மையான கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியக்கூடிய ஒரு கோளும் உண்டு. எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்தவர்களுக்கு மட்டுமே அது அகப்படும். பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர் அதனைப் பார்த்தும் ஒரு சாதாரண நட்சத்திரம் என்றே விட்டுவிட்டனர். 1781ஆம் ஆண்டு அதனை வேறாகக் கண்டுகொண்டவர் ஓர் இசை ஆசிரியர். அவர் பயன்படுத்திய தொலைகாட்டி கடையில் வாங்கியதன்று; வீட்டில் தாமே செய்தது. அந்த வீட்டில் நடந்த முதல் முயற்சியில் தொலைகாட்டியின் குழாய் கடதாசி மட்டையால் ஆனது. அதனைச் செய்தவர் அவருடைய தங்கை.

வில்லியம் ஹேர்ஷல் 1738 நவெம்பர் 15ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தார். தந்தையார் ஐசாக், இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ வாசித்தவர். ஓபோ என்பது நமது நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் ஒரு குழல். அதிகம் வசதியில்லாத குடும்பம். எனினும் தந்தையாருக்கு வானியலில் ஈடுபாடு இருந்தது. பிள்ளைகளுக்கு இரவில் நட்சத்திரங்களைக் காட்டுவார். வில்லியம் தமது 14ஆவது வயதில் அதே வாத்தியக் குழுவிற் சேர்ந்தார். 1757இல் பிரான்சுடன் நடந்த போரில் ஹனோவர் படை தோல்வியுற்றது. அதன் பின்னர் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். அப்போது அவருக்கு 19 வயது. கையில் பணமில்லை. இசைச் சுவடிகளைப் பார்த்தெழுதிக் கொடுத்தும், ஊரூராகச் சென்று இசை கற்பித்தும் பிழைத்தார். சில ஆண்டுகளின் பின் பாத் நகரில் ஒரு தேவாலயத்தின் ஓர்கன் வாசிப்பவராக நல்ல வேலை கிடைத்தது. அவர் இயற்றிய சிம்பொனி இசைக்கோவைகள் மாத்திரம் 24. வானத்தைப் பார்க்காமலே இருந்திருந்தாலும் ஓரளவு அறியப்பட்ட இசைக் கலைஞராக வாழ்ந்து முடித்திருப்பார்.

இந்த இடத்தில் அவரது தங்கை கரோலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடநூல்கள் பலவற்றில் இவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது, அது போதாது. கரோலின் 1750இற் பிறந்தவர். பத்து வயதில் வந்த கொடிய காய்ச்சல் அவரது வளர்ச்சியைத் தடுத்துவிட்டது. வளர்ந்த பின்னும் அவரது உயரம் நாலேகால் அடியளவுதான். திருமணம் நடக்காது, படிப்பும் தேவையில்லை, வீட்டு வேலைக்கு இருக்கட்டும் என்பது தாயாரின் எண்ணம். 1772இல் வில்லியம் ஹனோவருக்கு வந்து தங்கையைத் தம்முடன் அழைத்துச் சென்றார். தாயார் சம்மதிப்பதற்காக, வேலைக்காரி ஒருத்தியை வைத்துக்கொள்ளப் பணம் கொடுப்பதாகவும் ஏற்றுக்கொண்டார். கரோலினைப் பாடகியாக்குவதே அப்போது அவர்களின் திட்டம். கரோலினும் சில ஆண்டுகள் மேடையிற் பாடினார்.

1773ஆம் ஆண்டு வில்லியம் வானியல் நூலொன்றை வாங்கினார். பகலெல்லாம் இசை வகுப்பு. இரவில் படுக்கையில் அந்நூல். படித்தவற்றைக் கண்ணாற் காணவேண்டும் என்ற ஆவல் எழுந்தது. வில்லைகளை வரவழைத்துத் தாமே ஒரு முறிவுத் தொலைகாட்டியைச் செய்ய முற்பட்டார்.

முறிவுத் தொலைகாட்டியில் பொருள் வில்லை ஒளியை முறிவடையச் செய்து குவியத்திற் சேர்க்கும். ஆனால் கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே அளவில் முறிப்பதில்லை. நீல ஒளி கூடுதலாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் முறிவடையும். ஆகவே ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு இடத்திற் குவியும். விம்பத்தைச் சுற்றி நிற விளிம்பு தோன்றும். குவியத்தூரம் கூடிய வில்லையைப் பயன்படுத்தினால் இக்குறை தணியும். அதனால் அக்காலத்தவர் தொலைகாட்டியை நீளமாக்கிக்கொண்டே போயினர். ஹேர்ஷல் செய்ய விரும்பியதும் 18 அல்லது 20 அடி நீளமானதாகும். அவ்வளவு நீளக் குழாய்க்கு எங்கே போவது? கரோலின் கடதாசி மட்டையைச் சுருட்டி ஒட்டிக் குழாய் செய்தார். வில்லைகளைப் பொருத்தி உயர்த்திப் பிடித்ததும் குழாய் நடுவில் வளைந்துவிட்டது. இரு முனைகளிலும் உள்ள வில்லைகள் ஒரே நேர்கோட்டில் நில்லாவிடின் எதுவும் தெளிவாகத் தெரியாது. பிறகு தகரக் குழாய் செய்து பார்த்தனர். அதுவும் கையாள முடியாத நீளமாகவே இருந்தது.

மட்டை என்றால் உதவாது என்று இதனைப் படித்து முடிவு செய்ய வேண்டாம். பிழை மட்டையில் அன்று, நீளத்தில். நான்கு அடி நீளமுள்ள குழாய்க்குத் தடித்த மட்டை தாராளமாகப் போதும். புடவைக் கடைகளில் துணி சுற்றி வரும் மட்டைக் குழாயைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதன் உறுதி தெரியும். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஜோன் டொப்சன் என்பவர் கொங்கிறீற்றுத் தூண் வார்ப்பதற்கான மட்டைக் குழாய்களைக் கொண்டே பெரிய தொலைகாட்டிகளைச் செய்து, தெருவோரத்தில் வைத்து மக்களுக்கு வானத்தைக் காட்டினார். பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு இப்படி ஒன்றைச் செய்ய விரும்புவோர், குழாயின் உட்புறத்திற்கு மினுக்கமில்லாத கறுப்பும் வெளிப்புறத்திற்கு வாணிசும் பூச வேண்டும். நமது கரையோரத்தில் உப்புக் காற்றும் ஈரமும் மட்டையை மெதுவாக்கிவிடும். சூரியனை நோக்கி எந்தத் தொலைகாட்டியையும் திருப்பக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கண் ஒரு கணத்திற் போய்விடும்.

ஹேர்ஷல் வில்லையைக் கைவிட்டு ஆடியின் பக்கம் திரும்பினார். ஆடி ஒளியைத் தெறிக்கச் செய்கிறது. தெறிப்பில் எல்லா நிறங்களும் ஒரே விதிக்கு அமையவே செல்லும். நிற விளிம்பு தோன்றாது. இந்த வழியில் முதன்முதலில் வெற்றிகண்டவர் ஐசக் நியூற்றன். 1668இல் அவர் செய்த தெறிப்புத் தொலைகாட்டி ஒரு சாண் நீளத்துக்கும் குறைவானது. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது (1667 - 1676). குழாயின் அடியில் ஒரு குழிவாடி. மேல்முனைக்கு அருகில் 45 பாகை சாய்வாக ஒரு சிறிய தளவாடி. குழாயின் பக்கத்தில் பார்வை வில்லை. குழிவாடி குவிக்கும் ஒளியைத் தளவாடி பக்கவாட்டில் திருப்பிவிடும். நம்மவர் வீட்டிற் செய்யும் தெறிப்புத் தொலைகாட்டிகளிற் பெரும்பாலானவை இன்றும் இதே அமைப்புத்தான். சிலர் இத்தகைய இரண்டு குழாய்களை அருகருகே பொருத்தி இரு கண்ணாலும் பார்க்கும்படி செய்கின்றனர். அதற்கு இரு ஆடிகளும் ஒரே குவியத்தூரம் உடையனவாக இருத்தல் வேண்டும். குழாய்கள் மிகச் சரியாகச் சமாந்தரமாக நிற்க வேண்டும். பார்வை வில்லைகளைக் கண்களின் இடைவெளிக்குக் கொண்டுவர மேலும் ஒரு சோடித் தளவாடிகள் தேவை. சிறிது பிசகினாலும் ஒரு நிலா இரண்டாகத் தெரிந்து தலையிடி வரும். 

கடையில் பெரிய ஆடி வாங்க அவரிடம் பணம் போதவில்லை. பாத் நகரில் ஆடி செய்யும் பொழுதுபோக்கைக் கைவிட்ட ஒருவரிடமிருந்து கருவிகளையும் அரைகுறையாக வேலை முடிந்த ஆடிகளையும் வாங்கினார். அக்காலத்தில் தொலைகாட்டி ஆடி கண்ணாடியில் செய்யப்படவில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்த கலப்புலோகத்தை உருக்கி வட்டமாக வார்ப்பர். பிறகு கரடான தூளிட்டுத் தேய்த்துக் குழிவாக்குவர். கடைசியில் கீல் பூசிய அச்சின் மீது மணிக்கணக்காக மினுக்குவர். ஆடியின் வளைவு ஒரு கோளத்தின் பகுதியாக இருந்தால் விளிம்பில் விழும் ஒளியும் நடுவில் விழும் ஒளியும் ஒரே புள்ளியிற் சேரமாட்டா. பரவளைவாக இருந்தாற்றான் சேரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தலைமயிரின் தடிப்பிலும் மிகக் குறைவு. அந்த வேறுபாட்டை அளக்க அவரிடம் எந்த உபகரணமும் இருக்கவில்லை. தேய்ப்பார், நட்சத்திரத்தில் வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார்.

வீடு பட்டறையாயிற்று. விருந்தினர் அறையில் தச்சர் குழாயும் தாங்கியும் செய்துகொண்டிருந்தார். ஒரு படுக்கையறையில் சகோதரர் அலெக்சாந்தர் கடைச்சல் இயந்திரத்தை நிறுவினார். மினுக்கும் வேலையை இடையில் நிறுத்தினால் வளைவு கெட்டுவிடும் என்பது ஹேர்ஷலின் கருத்து. ஒருமுறை 16 மணித்தியாலம் ஆடியிலிருந்து கையெடுக்காமல் இருந்தார். அந்நேரங்களில் கரோலின் உணவைச் சிறு சிறு துண்டாக்கி அண்ணனின் வாயில் ஊட்டினார். களைப்புத் தெரியாமலிருக்கக் கதைப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார். பாடகியாக வந்தவர், இசைப் பயிற்சியை விட்டு, பட்டறைப் பையன் போலானார். அதில் அவருக்கு மனக்குறை இருந்தது. பின்னாளில் தாம் எழுதிய நினைவுக் குறிப்புகளில் அதை மறைக்கவுமில்லை.

1774 மார்ச் 1ஆம் திகதி ஹேர்ஷல் தமது அவதானிப்புக் குறிப்பேட்டைத் தொடங்கினார். முதல் பார்வையிலே சனியின் வளையமும் ஒரியன் தொகுதியிலுள்ள புகையுருவும் பதிவாயின. அடுத்த ஏழு ஆண்டுகளும் பகலில் இசையும் இரவில் வானமுமாகச் சென்றன. தெளிவான இரவு ஒன்றையும் அவர் வீணாக்கவில்லை.

அவருக்குப் புகழ் தேடித் தந்தது 7 அடி நீளமுள்ள தொலைகாட்டி. அதன் ஆடி 6.2 அங்குல விட்டம் கொண்டது; அதாவது 16 சென்ரிமீற்றர் அளவு. இருளில் நமது கண்மணி விரியும் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். பரப்பளவை ஒப்பிட்டுப் பார்த்தால் ஆடி கண்ணைவிட 500 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்க்கும். ஆனால் உலோக ஆடி தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தெறிக்கச் செய்யும். இரண்டு ஆடிகளில் தெறிக்கும்போது பாதிக்கும் குறைவான ஒளியே கண்ணுக்கு வந்துசேரும். அப்படியிருந்தும் அந்தச் சிறிய கருவிக்கு இணையான கூர்மை அக்காலத்துப் பெரிய வானியல் நிலையங்களின் தொலைகாட்டிகளிலும் இருக்கவில்லை. காரணம், தேய்த்த கையின் பொறுமை.

1781 மார்ச் 13ஆம் திகதி இரவு 10 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், பாத் நகரில் தமது வீட்டுப் பின்வளவில் நின்று, இடப, மிதுன உடுத்தொகுதிகளின் எல்லைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்சத்திரம் மற்றவற்றைவிடப் பருமனாகத் தெரிந்தது. அப்போது உருப்பெருக்கம் 227. பார்வை வில்லையை மாற்றி உருப்பெருக்கத்தைக் கூட்டினார். நட்சத்திரங்கள் எவ்வளவு பெருக்கினாலும் புள்ளிகளாகவே இருக்கும். இதுவோ வட்டமாகப் பெருத்துக்கொண்டே போனது. சில நாட்களின் பின் பார்த்தபோது இடமும் மாறியிருந்தது. அவர் அதனை ஒரு வால்வெள்ளி எனக் கருதி அவ்வாறே அறிவித்தார்.

பரீட்சையில் பலர் பிழை விடும் இடம் இது. ஹேர்ஷல் புதிய கோளொன்றைத் தேடிச் சென்று கண்டுபிடித்தார் என எழுதுகின்றனர். அவர் தேடியது கோளையன்று. வானத்தை ஒழுங்காகப் பகுதி பகுதியாக ஆராய்ந்துகொண்டு போனார், அது அகப்பட்டது. கோள் என்று முதலில் விளங்கிக்கொண்டவரும் அவரல்லர். லெக்செல் முதலிய கணித வல்லுநர்கள் அதன் பாதையைக் கணித்து, அது ஏறத்தாழ வட்டமானது, சனிக்கு அப்பால் உள்ளது எனக் காட்டினர். அதற்கு முன்னரும் பலர் அதனைக் கண்டு நட்சத்திரமெனப் படங்களிற் குறித்திருந்தனர். அப்படியானால் ஹேர்ஷலின் பெருமை என்ன? வட்டத்தையும் புள்ளியையும் வேறுபடுத்திக் காட்டும் ஆடி அவரிடம் இருந்தது. அதைச் செய்தவரும் அவரே. புதிய கோளுக்கு மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பெயரைச் சூட்ட அவர் விரும்பினார். ஏனைய நாட்டவர் அதை ஏற்கவில்லை. ஜேர்மனிய வானியலாளர் போடே முன்வைத்த யுரேனஸ் என்ற பெயரே நிலைத்தது.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் நடந்த சம்பவம் பலருக்குத் தெரியாது. மூன்று அடி விட்டமுள்ள ஆடியொன்றை வீட்டிலேயே வார்க்க ஹேர்ஷல் துணிந்தார். அச்சு செய்வதற்குக் களிமண்ணுடன் குதிரைச் சாணம் வேண்டும். அதனை உரலில் இடித்து அரித்தெடுத்தவர் கரோலின். முதல் வார்ப்பு ஆறும்போது வெடித்தது. இரண்டாம் முறை ஐந்நூறு இறாத்தலுக்கு மேற்பட்ட உலோகம் உலையில் உருகிக்கொண்டிருக்கையில் அடியால் ஒழுகியது. கொதிக்கும் உலோகம் கல் பதித்த தரையில் ஓட, கற்கள் வெடித்துக் கூரை வரை பறந்தன. எல்லோரும் வாசலால் ஓடினர். ஹேர்ஷல் களைப்பாலும் வெக்கையாலும் செங்கற் குவியலொன்றின் மீது விழுந்தார். ஒருவரும் சாகாதது அதிர்ஷ்டம். அந்த ஆடி பின்னர் செய்யப்படவேயில்லை.

1782இல் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண் வேதனம் வழங்கினார். இசையால் வந்த வருமானத்திலும் இது குறைவு. இருந்தும் ஹேர்ஷல் இசைத் தொழிலை விட்டார். குறையை ஈடுசெய்யத் தொலைகாட்டிகள் செய்து விற்றார். அவர் தம் வாழ்நாளில் செய்த ஆடிகள் நானூறுக்கு மேற்படும். 1787இல் கரோலினுக்கும் ஆண்டுக்கு 50 பவுண் கிடைத்தது. விஞ்ஞானப் பணிக்காக அரச வேதனம் பெற்ற முதற் பெண்களுள் ஒருவர் அவர்.

இரவு வேலை எப்படி நடந்தது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஹேர்ஷல் ஏணியின் உச்சியில் நின்று, கண்ணை இருளுக்குப் பழக்கியபடி, காண்பவற்றை உரத்துச் சொல்வார். கீழே விளக்கருகில் மணிக்கூட்டோடு இருக்கும் கரோலின் நேரத்தையும் இடத்தையும் எழுதுவார். விளக்கைப் பார்த்த கண்ணுக்கு மங்கலான பொருள்கள் தெரிய நீண்ட நேரம் செல்லும். ஆகவே ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. 1783 டிசெம்பர் 31 இரவு பனியில் ஓடிய கரோலின் வழுக்கி விழ, இரும்புக் கொழுக்கியொன்று தொடையில் ஏறித் தசையைப் பிய்த்துவிட்டது. சில வாரங்களில் மறுபடி மேசைக்கு வந்தார். இவ்வாறு சேர்ந்ததே ஏறக்குறைய 2500 புகையுருக்களையும் நட்சத்திரக் கூட்டங்களையும் கொண்ட பட்டியல். அண்ணன் வெளியூர் சென்ற இரவுகளில் கரோலின் தனியே வானத்தைப் பார்த்து எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார்.

40 அடித் தொலைகாட்டி ஹேர்ஷலின் பெயரோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படுகிறது. மன்னர் 4000 பவுண் கொடுத்தார். ஆடியின் விட்டம் 48 அங்குலம். 1789இல் அது முடிந்ததும் சனியின் இரு துணைக்கோள்கள் அதன் துணையோடு உறுதியாயின. தளவாடியில் ஒளி வீணாவதைத் தவிர்க்க, பெரிய ஆடியைச் சற்றுச் சாய்த்து வைத்து, குழாயின் வாயிலிருந்தே நேராகப் பார்த்தார். ஆனாலும் நமது கருத்துப்படி அது ஒரு வெற்றியன்று. ஆடி தன் பாரத்தாலேயே வளைந்தது. ஈரக்காற்றில் விரைவில் மங்கியது. திருப்புவதற்கு ஆட்கள் வேண்டும். ஹேர்ஷலே பெரும்பாலும் 20 அடித் தொலைகாட்டியைத்தான் பயன்படுத்தினார்.

1800இல் அவர் செய்த சிறிய பரிசோதனை பாடத்திட்டத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. அரியத்தாற் பிரித்த சூரிய ஒளியின் நிறங்களில் வெப்பமானிகளை வைத்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானி கூடுதலாக ஏறியது. செங்கீழ்க் கதிர் இவ்வாறுதான் அறியப்பட்டது. இத்தகையவரே சூரியனின் உள்ளே குளிர்ந்த தரை உண்டு, அங்கு உயிர்கள் வாழ்கின்றன என்றும் நம்பினார். பெரியவர் சொன்னார் என்பதற்காக அதனை மறைக்க வேண்டியதில்லை.

1788இல் திருமணம் செய்துகொண்டார். மகன் ஜோன் 1792இற் பிறந்தார். 1822 ஓகஸ்ட் 25ஆம் திகதி வில்லியம் ஹேர்ஷல் காலமானபோது வயது 83. யுரேனஸ் சூரியனை ஒருமுறை சுற்ற எடுக்கும் காலம் 84 ஆண்டுகள். கரோலின் ஹனோவருக்குத் திரும்பி, அண்ணனின் பட்டியலை மகன் ஜோனுக்கு உதவும் வகையில் ஒழுங்குபடுத்தினார். அதற்காக 1828இல் இலண்டன் வானியற் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. 1848இல், 97ஆவது வயதில் மறைந்தார்.

இங்கிலாந்திலிருந்து தென் வானத்தின் பெரும்பகுதி தெரியாது. எனவே ஜோன் 20 அடித் தொலைகாட்டி ஒன்றைக் கப்பலேற்றி, 1834 முதல் 1838 வரை தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கித் தந்தையார் காணாத பகுதியை முடித்தார். நமது தீவிலும் இத்தகைய பணி நடந்ததுண்டு. கொழும்பிற் பிறந்த இராணுவப் பொறியியலாளர் பேர்சி மோல்ஸ்வேர்த், திருகோணமலையில் பன்னிரண்டரை அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றை வைத்து வியாழனை அவதானித்தார். 1901இல் அக்கோளின் தென் வெப்ப வலயத்தில் பெரியதொரு குழப்பம் தோன்றியதைக் கண்டறிவித்தார். 1908 நத்தார் தினத்தன்று அங்கேயே காலமானார். மத்திய கோட்டுக்கு அருகில் கோள்கள் ஏறத்தாழ உச்சிக்கு வருவதால் வளிமண்டலத்தின் கலக்கம் குறைவு. இது திருகோணமலைக்கு மட்டுமல்ல, புத்தளத்துக்கும் பொருந்தும்.

கற்பிட்டி வட அகலக்கோடு 8 பாகையளவில் உள்ளது. அங்கு துருவ வெள்ளி வடக்கே அடிவானுக்கு 8 பாகை மேலே நிற்கும். மே மாத இரவுகளில் தெற்கே தென்சிலுவையும் ஏறிவரும். தந்தை பாத் நகரிலும் பின்னர் சிலவிலும் பார்த்த வானமும், மகன் கப்பலேறிச் சென்று பார்த்த வானமும் பெரும்பாலும் அந்த ஒரே கடற்கரையிலிருந்து தெரியும். யுரேனஸ் 1865இலும் 1949இலும் தான் முதன்முதலில் அகப்பட்ட இடத்துக்குத் திரும்பி வந்தது. அடுத்து 2033 அளவில் அது மீண்டும் இடபத்துக்கும் மிதுனத்துக்கும் இடையில் நிற்கும். கற்பிட்டியில் உச்சியிலிருந்து 16 பாகையளவே வடக்கே சரிந்திருக்கும்.